காது இரையும்போது



இரவில் வீடு அடங்கிய பின், "வாப்பா, காது இரைகிறது" என உங்கள் பிள்ளை கூறினால், மனப்பிரமை என ஒதுக்கிவிடாதீர்கள். அது பிறருக்குக் கேளாது, ஆயினும் மெய்யே.

உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் பேரொலியால் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. அங்கிருந்து வரும் சமிக்ஞை குறைய, மூளை தன் உணர்திறனைக் கூட்டுகிறது. இரைச்சல் அதனால் எழுவதாகவே அறிஞர் பலரும் கருதுகின்றனர். சிலருக்குப் பாத்திரங்கள் மோதும் ஓசையும் தாங்கவொண்ணாததாகிறது.

முதலில் வைத்தியரை நாடுங்கள். காரணம் காதுக்குறும்பியா, உட்கொள்ளும் மருந்தா, கேள்திறன் குறைவா எனப் பரிசோதிப்பார். ஒரு காது மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு ஒலித்தாலோ தாமதிக்கலாகாது. திடீரெனக் கேள்திறன் குன்றினால் அன்றே செல்லுங்கள்.

முழு நிசப்தத்தில் இரைச்சல் பெரிதாகத் தோன்றும். உறங்கும்போது மின்விசிறியின் மெல்லொலி துணைபுரியும். எந்நேரமும் காதை அடைத்து வைத்தால் ஒலிக்கூச்சம் அதிகரிக்கும். கேள்திறன் குறைந்தோருக்குச் செவிப்புலன் கருவியும், மனம் சோர்ந்தோருக்கு உளவளத்துணையும் பயனளிக்கும்.

இளைஞர்களே! 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபலாயின் 4 மணித்தியாலமே என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். செவியில் பொருத்தும் கருவியின் ஒலியை இன்றே குறையுங்கள்.

பெற்றோரே! பிள்ளையின் சொல்லை நம்புங்கள். தான் நம்பப்படுகிறேன் என்னும் ஆறுதலே அவனுக்கு முதல் மருந்து.