டயாலிசிஸும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்
(சிங்கப்பெருமாள் கோவிலில் ஆசிரியர்களிடையே மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவர் உங்கள் வீட்டிலோ, உங்கள் மாணவர் வீட்டிலோ இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடுதல் என்று வந்ததும் அந்த வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது முட்டை, பிறகு மீன், பிறகு பருப்பு. கடைசியில் கஞ்சிதான் மிஞ்சுகிறது. இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மற்றவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தால் நல்லது. டயாலிசிஸில் இருப்பவருக்கு அது தானாகக் குறைந்துகொண்டே போனால் நாங்கள் கவலைப்படுவோம். பெரும்பாலும் அது சத்துக்குறைவின் அடையாளம். ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் உடல் கொஞ்சம் புரதச்சத்தை இழக்கிறது. ஆகவே முட்டையின் வெள்ளைக்கரு அவருக்கு மருந்து மாதிரி. மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம், அதை அளவோடு வைத்துக்கொள்ளலாம்.

சரி, மாத்திரை? ஜெர்மனியில் டயாலிசிஸில் இருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளுக்கு அடோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2005இல் வந்தது. கெட்ட கொழுப்பு நன்றாகக் குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இதய மரணமும் சொல்லும்படி குறையவில்லை. 2009இல் ரோசுவாஸ்டாட்டினை வைத்து 2,776 பேரிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. காரணம், இவர்களுடைய இதயத்தைக் கெடுப்பது கொழுப்பு மட்டுமல்ல. ரத்தக்குழாயில் படியும் சுண்ணாம்பு, உடலில் தேங்கும் நீர், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான். அதனால் 2013இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஸ்டாட்டினைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம், முன்பே சாப்பிட்டு வந்தவர் தொடரலாம் என்கிறது. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாருடைய மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்! மாரடைப்பு வந்தவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் கணக்கு வேறு.

வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் அந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் இருக்கிறது. அது உடலில் ஏறுவதால் டிரைகிளிசரைடு கூடும். அவர்கள் எண்ணெயோடு சர்க்கரையையும் இனிப்பையும் கவனிக்க வேண்டும். இளநீர், பழச்சாறு என்று அன்போடு வாங்கிப் போகாதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்து.

பரிசோதனை அறிக்கை கொண்டு வந்திருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.