புகை பிடிக்காதவர்களின் புகையிலை



மொழியியல் கற்றவருக்குப் பொதுச் சுகாதாரத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். புகையிலையின் தீங்கை ஆராய்வது மருத்துவர் பணி. அத்தீங்கு மக்களுக்குச் சொல்லப்படுவதோ மொழியால். சொல் இலக்குத் தவறினால் மருந்தும் தவறும். அதற்கு நம் பேராக் மாநிலத்திலேயே சான்று கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்ட லயங்களிலிருந்து குடிபெயர்ந்த முதியோரின் பேச்சுத்தமிழைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். முப்பது ஆண்டுகள் பால்வெட்டில் உழைத்த பாட்டி ஒருவர், விடியற்காலைப் பெரட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கடைவாயில் புகையிலைத் துண்டு ஒன்றை அடக்கிக்கொண்டார். "பாட்டி, கிளினிக்கில் இதைப் பற்றிக் கேட்பதில்லையா?" என்று வினவினோம். "கேப்பாங்கய்யா. சிகரெட்டு புடிக்கிறியான்னு கேப்பாங்க. இல்லேன்னு சொல்லிருவேன். நான் என்ன ஆம்பளையா, ரொக்கோ குடிக்க?" என்று சிரித்தார்.

பாட்டி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையையே சொன்னார். பிழை கேள்வியின் வினைச்சொல்லில் இருந்தது.

தமிழர் வழக்கில் இந்த ஓர் இலைக்குப் பல வினைகள் உண்டு. சிகரெட்டைப் பிடிக்கிறோம், சுருட்டையும் பீடியையும் குடிக்கிறோம், மூக்குப்பொடியைப் போடுகிறோம், வெற்றிலையோடு சேரும் புகையிலையை மெல்கிறோம், அடக்குகிறோம். புகை, இலை என்னும் இரு சொற்கள் சேர்ந்து புகையிலை ஆயிற்று. புகைப்பதற்குரிய இலை என்று பெயர் பெற்றது பின்னர் வாய்க்குள் புகுந்தது. பெயரில் புகை நிலைத்துவிட்டது. பயனில் புகை இல்லை. இந்த இடைவெளியில்தான் நம் பாட்டிமார் நிற்கின்றனர்.

நம் நாட்டில் நடைபெற்ற பெரும் முயற்சிகளை எண்ணிப் பார்ப்போம். 2004-இல் 'தாக் நாக்' இயக்கம் தொடங்கியது. 2009 முதல் சிகரெட்டுப் பெட்டிகளில் படத்துடன் கூடிய எச்சரிக்கை வந்தது. 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு உணவகங்களில் புகைத்தல் தடை செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் 852-ஆம் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஈப்போவின் உணவுக்கடைகளில் குழந்தைகளோடு அமர்ந்து உண்போர் இதன் நன்மையை அறிவர். எனினும் இவற்றின் முழக்கங்களிலும் படங்களிலும் முன்னே நிற்பது சிகரெட்டே. அச்சட்டத்தின் பெயரிலும் 'மெரோக்கோக்', அதாவது புகைத்தல், என்ற சொல்லே இருக்கிறது. சட்டத்தின் உட்பிரிவுகளை நாம் இங்கே ஆராயவில்லை. அப்பெயர் ஒரு தோட்டத்து மூதாட்டியின் காதில் எவ்வாறு விழும் என்பதையே கருதுகிறோம்.

2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைத்தனர், பெண்களில் 1.2 விழுக்காட்டினரே புகைத்தனர். இவ்வெண்களை மட்டும் காண்பவர், பெண்களுக்குப் புகையிலைச் சிக்கலே இல்லை என்று எண்ணிவிடுவார். ஆனால் வாய்ப்புற்றுநோய் நம் நாட்டின் பெரிய இனங்களுள் இந்தியரிடையே மிகுதி. அதிலும் இந்தியப் பெண்களிடையே மிகுதி. புகைப்போர் கணக்கில் வராதவர்கள் நோயாளர் கணக்கில் வருகின்றனர்.

மலேசியா 2005-இல் ஏற்றுறுதி செய்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை இவ்வகையில் விழிப்பாக இருக்கிறது. புகைத்தல், உறிஞ்சுதல், மெல்லுதல், மூக்கில் இழுத்தல் என்று நான்கு வினைகளை அது கூறுகிறது. உடன்படிக்கையில் நான்கு வினைகள். நம் சுவரொட்டியில் ஒன்று. மற்ற மூன்றையும் மக்கள் பேச்சில் சேர்ப்பது மொழி கற்பிப்போர் கடமை.

சேர்க்க வேண்டிய காரணத்தையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். நெருப்பு இல்லாவிடினும் நிக்கோட்டின் நிக்கோட்டினே. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அதனை வாயின் மென்தோல் வழியே விரைந்து உட்புகச் செய்கிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருள் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இலேயே அறிவித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்பது அதன் பிந்தைய முடிவு.

இங்கே நமக்கு ஒரு தயக்கம் எழும். நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம்; பூசைத் தட்டில் வைக்கிறோம். அதனைத் தீயது என்றால் முதியோர் மனம் புண்படும். அறிவுரையும் உடனே புறக்கணிக்கப்படும். ஆகவே நாம் சொல்ல வேண்டியது: "வெற்றிலை பாக்கு தட்டில் இருக்கட்டும்; வாயில் வேண்டாம்." மரபை மதித்தே நலத்தைச் சொல்ல நம் மொழியில் இடமுண்டு.

பல் மருத்துவப் பணியாளர்கள் பள்ளிகளுக்கு வந்து மாணவர்க்கு வழிகாட்டும் 'கோத்தாக்' திட்டத்தை ஆசிரியர்கள் அறிவீர்கள். அப்பெயரின் விரிவும் சிகரெட்டுப் புகையற்ற வாய்நலம் என்பதே. அத்திட்டம் வரும் நாளில், வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவின் வாயையும் நினைவூட்டுங்கள். மாணவர்களே, நீங்கள் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "பாட்டி, புகையிலை போடுறீங்களா? எங்க அடக்குவீங்க?" வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தோன்றினாலும், புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலும், வாய் திறப்பது குறைந்தாலும், காரம் பட்டவுடன் எரிந்தாலும் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டியே கண்டால் காப்பாற்ற வழியுண்டு.

அன்று அந்தப் பாட்டியிடம் நாமும் சொற்களை மட்டுமே சேகரித்துக்கொண்டு திரும்பினோம். "ஒரு முறை வாயைக் காட்டுங்கள், பாட்டி" என்று சொல்லவில்லை. மறுமுறை சென்றபோது அவர் இல்லை. காரணத்தைக் கேட்க நமக்குத் துணிவு வரவில்லை. அவர் குரல் இன்றும் நம் ஒலிப்பதிவில் இருக்கிறது. இடையிடையே மெல்லும் ஓசையும் கேட்கிறது. அந்த ஓசையை மொழியியலாளராகக் கேட்டோம்; பேரப்பிள்ளையாகக் கேட்கத் தவறினோம். அத்தவறு உங்களுக்கு நேராதிருக்கட்டும்.