அடம்பனும் கதியாலும்

மண்ணரிப்பு என்றதும் மலைநாட்டுச் சரிவுகள்தான் பலருக்கு நினைவு வரும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். ஆனாலும் எங்கள் மண் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வடமராட்சி கிழக்கில் அதைக் காற்று அள்ளுகிறது, வலிகாமத்துச் செம்மண்ணை மாரி வெள்ளம் கழுவுகிறது.

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுப் பக்கம் போனவர்கள், மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களைப் பார்த்திருப்பார்கள். பிடிமானம் இல்லாத மணல் ஒரு கோயிலையே மூடும். அந்த மணலை முதலில் பிடிப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அடம்பன் கணுவுக்குக் கணு வேர் விடும். மேலே மணல் விழுந்தால் அதையும் கிழித்துக்கொண்டு வளரும். இராவணன் மீசையின் முட்பந்து காற்றில் உருண்டு போகிற வழியெல்லாம் விதையைப் போடும். இவை மணலை நிறுத்திய பிறகுதான் தாழையும் பற்றையும் வரும், பின்னால் பனை நிமிரும்.

அங்குள்ள சவுக்கங்காடும் நல்ல வேலை செய்கிறது. காற்றின் வேகத்தை மறிக்கிறது. ஆனால் சவுக்கஞ்சருகு தரையை மூடிவிட்டால் கீழே வேறு பூண்டு எளிதில் முளைக்காது. சவுக்கை நட்டதோடு கடமை முடிந்தது என்று அடம்பனை வழித்தெடுப்பது பெரும் பிழை. அதைவிடப் பெரிய பிழை மணல் அகழ்வு. கொடியோடு சேர்த்து மணல் மேட்டையே உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனால் எந்தச் செடி அதைக் காக்கும்?

தோட்டத்துப் பக்கம் வருவோம். வலிகாமத்தில் சுண்ணாம்புக் கல்லின் மேல் செம்மண் சில இடங்களில் ஒரு முழம்கூட இல்லை. அந்த மண்ணை எங்கள் கமக்காரர் வேலியால் காத்தார்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று துளிர்க்கும் தடிகளைக் கதியாலாக நட்டு அடைத்த வேலி மழைநீரை மறிக்காது. மெல்ல வடிய விடும். தண்ணீர் போகும், அது கொண்டு வந்த மண் வேலியடியில் தங்கும். அதே வேலியில் வெட்டிய குழையைத் தோட்டத்தில் தாழ்த்தினார்கள். பனையோலையையும் வெட்டிப் புதைத்தார்கள். குழையும் ஓலையும் உக்கிய மண் தண்ணீரை உறிஞ்சும், இலகுவில் கரையாது. காவலும் பசளையும் ஒரே வேலியிலிருந்து வந்தன. இதை நான் உயர்ந்த கலை என்றே சொல்வேன்.

இன்று வேலி இருந்த இடமெல்லாம் சீமெந்து மதில். மதிலுக்குள் நின்ற வெள்ளம் ஒரு வாசலைக் கண்டால் வேகமெடுத்துப் பாயும், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கென்று தறித்த பனைகளின் இழப்பும் இதோடு சேர்ந்தது. இன்று நடும் பனங்கொட்டை பயன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செல்லும்.

வீட்டுக்கு மதில் கட்டுங்கள். தோட்டத்தையாவது வேலிக்கு விடுங்கள். மாரி தொடங்க முன்னம் நான்கு கதியால் ஊன்றுங்கள். பயிர் இல்லாத தரையில் சணல் விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுங்கள். வீடு கட்ட மணல் வாங்கும்போது, அது எந்த மேட்டிலிருந்து வந்தது என்று ஒரு தரம் கேளுங்கள்.