கூரையைத் திறந்த நால்வர்

கழுத்துப் பகுதியில் முண்ணாண் சிதைந்தால் கைகால் நான்கும் செயலிழக்கும். முதுகில் சிதைந்தால் கால்கள் செயலிழக்கும். செயலிழந்த உறுப்பு நோவையும் உணராது. ஆதலால், படுக்கைப் புண் வாராதிருக்க, இரவிலும் சில மணிக்கொருமுறை புரட்டிவிட ஒருவர் வேண்டும். இத்தகைய வாழ்விலே விசுவாசம் என்ன செய்யும்?

நம் பண்டத்தரிப்பிலே மருத்துவத் தொண்டாற்றிய ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர், வேலூர் வைத்தியசாலையை நிறுவினார். அங்கே பணிபுரிந்த வைத்தியர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு வாகன விபத்திலே இடுப்பின்கீழ் செயலிழந்தார். நடை திரும்பவில்லை, கைகள் எஞ்சின. வைத்தியர் போல் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கிலே புனர்வாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. முண்ணாண் சிதைந்தோர் தம் அன்றாட வாழ்வைத் தாமே நடத்த அங்கே பயின்றனர்.

குணமடையாதவரை விசுவாசம் குன்றியவர் என்பாரும் உளர். மேரியின் வாழ்வு அதனை மறுக்கின்றது. பவுலடியாரும் மும்முறை வேண்டினார்; அவர் உடலின் முள் நீங்கவில்லை.

மாற்கு சுவிசேஷத்திலே, திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வர், வாயிலில் வழியில்லாமையால் கூரையைத் திறந்தனர். இயேசு கண்டது அவர்கள் விசுவாசத்தையுமே. 2009இல் முடிவுற்ற போரிலே முண்ணாண் சிதைந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்காக நாம் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆலயப் படியருகே ஒரு சாய்தளம் அமைத்தாற் போதும். அவர்களுக்காகச் செபிக்கும் நாம், அதனையும் செய்வோமாக.