கணக்குப் புத்தகம் யார் கையில்?

(கொட்டகலையில் ஆற்றிய உரை)

கணினியைப் பற்றிப் பேச இத்தனை பேர் கூடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கணினி படித்தவர் வீட்டு அலங்காரப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. கொழுந்தின் நிறை கணினியில் ஏறுகிறது. சம்பளச் சிட்டை கணினியிலிருந்து இறங்குகிறது. பாடசாலையின் வினாத்தாள், கோயிற் சபையின் வரவு செலவு, மரக்கறி விவசாயியின் கடன் விண்ணப்பம் ஆகியனவும் அதன் வழியே நடக்கின்றன. செக்ரோல் எவர் கையில் இருந்ததோ, அவர் கையிலேதான் முழுப் பேரும் அரைப் பேரும் இருந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அனுபவம் உள்ள மக்கள், தம் எழுத்தையும் கணக்கையும் எந்த மென்பொருளிடம் ஒப்படைக்கிறோம் என்று ஆராயாமல் இருக்கலாமா?

நம்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, உலகெங்கும் கோலோச்சும் மைக்ரோசொப்ட் ஒபிஸ். 1989 ஆம் ஆண்டில் தோன்றிய தொகுதி அது. வேர்ட், எக்செல் என்ற பெயர்களை அறியாத காரியாலயம் இன்று இல்லை. மற்றையது லிப்ரே ஒபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். கடிதம், கணக்கு, காட்சி ஆகிய மூன்றுக்கும் வேண்டிய கருவிகள் அதிலும் உண்டு.

இந்த லிப்ரே ஒபிஸின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள். ஜேர்மனியில் ஸ்டார் ஒபிஸ் என்ற பெயரில் அது பிறந்தது. 1999 இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் அதனை வாங்கிற்று. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை உலகறியத் திறந்துவிட்டது. ஓபன் ஒபிஸ் என்ற பெயரில் அது பரவிற்று. 2010 இல் சன் நிறுவனம் ஒராக்கிள் கைக்கு மாறியது. புதிய உரிமையாளரின் போக்கில் நம்பிக்கை கொள்ளாத ஆக்குநர்கள், அவ்வாண்டு செப்டெம்பரில் பிரிந்து சென்று, அதே மூலநிரலைக் கொண்டு லிப்ரே ஒபிஸைத் தொடங்கினர். முதலாளி மாறினார், ஆயினும் மென்பொருள் மறையவில்லை. மூலநிரல் பொதுச் சொத்தாய் இருந்ததன் பயன் அது.

விலையின்மை வேறு, விடுதலை வேறு

விலையைப் பற்றி முதலிற் பேசுவோம். வணிக மென்பொருளின் விலை டொலரில் நிர்ணயமாவது. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்ததை நாம் மறந்துவிடவில்லை. உரம் வாங்கியவனுக்கும் மருந்து வாங்கியவனுக்கும் நேர்ந்த கதியே உரிமம் வாங்கியவனுக்கும் நேர்ந்தது. ஆண்டுச் சந்தா என்றால், ஆண்டுதோறும் அந்தக் கப்பம்.

“நாங்கள் ஒரு சதமும் கொடுப்பதில்லையே! கடைக்காரர் சும்மா ஏற்றித் தருகிறாரே!” என்று சொல்வோர் உளர். உண்மைதான். நம் ஊர்களில் லிப்ரே ஒபிஸுக்குப் போட்டி விலை கொடுத்து வாங்கிய பிரதியன்று, திருட்டுப் பிரதியே. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் காப்பளிக்கிறது. அதுமட்டுமா? உரிமப் பூட்டை உடைக்கவென்று வரும் கருவிகளோடு நச்சு நிரலும் வரக்கூடும். ஒபிஸ் 2016, 2019 ஆகிய பழைய பதிப்புகளோ 2025 ஒக்டோபர் 14 உடன் பாதுகாப்புத் திருத்தம் பெறும் தகுதியை இழந்தன. காசு கொடாதவன் கட்டுப்படாதவன் ஆகிவிடுவதில்லை. திருட்டுப் பிரதியிற் பழகிய கை, நாளை வேலைக்குச் சென்ற இடத்திலும் அதே மென்பொருளைத்தான் கேட்கும்.

கூகிள் போன்றவை இணையத்தில் இலவசமாகத் தரும் எழுதுகருவிகளும் உண்டு, வசதியானவைதாம். எனினும் அங்கே நம் ஏடு இருப்பது பிறர் முற்றத்தில். கதவை எப்பொழுது சாத்துவது என்பதை முற்றத்துக்கு உடையவரே தீர்மானிப்பார்.

துண்டு நினைவிருக்கிறதா?

நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு என்றொரு சீட்டு இருந்தது. “இவரது கடன் இன்ன தொகை, அதைக் கட்டினால் விடுவிப்போம்” என்று எழுதிய அச்சீட்டு இல்லாமல், ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 ஆம் ஆண்டில் சட்டம் அதனை ஒழித்தது. அந்தத் துயரத்தையும் கணினித் தொல்லையையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் ஒரு பாடம் உண்டு: உள்ளே வருவது எளிதாகவும் வெளியே போவது அரிதாகவும் இருக்கும் இடத்தில் நுழையுமுன் யோசிக்க வேண்டும்.

மென்பொருள் உலகில் அந்தத் துண்டு எது? கோப்பின் வடிவமே அது. நீங்கள் எழுதியதை ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருள்தான் செவ்வையாகத் திறக்கும் என்றால், நீங்கள் அந்த நிறுவனத்தை விட்டு நகர முடியாது. இதற்கு மாற்றாகவே ஓ.டி.எப். என்னும் திறந்த ஆவண வடிவம் வகுக்கப்பட்டு, 2006 இல் சர்வதேசத் தரமாயிற்று. எவரும் அதைப் படித்து, அதற்கேற்ற மென்பொருளை ஆக்கலாம். மைக்ரோசொப்ட் ஒபிஸே 2009 முதல் அதனைத் திறக்கிறது.

பிறர் நம்மைப் பூட்டுவது ஒருபுறமிருக்க, நம்மை நாமே பூட்டிக்கொண்ட கதையும் உண்டு. பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய வினாத்தாளை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் இராது; பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிற்கும். பாமினியால் எந்த முதலாளியும் நம்மைச் சுரண்டவில்லை. ஆயினும் நம் எழுத்து சிறைப்பட்டது. யூனிகோட் தரத்தில் 1991 இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு அரசு 2010 இல் அதனை ஏற்றது. இலவசமாகக் கிடைத்த பாமினியே நம்மைப் பூட்டிற்று என்றால், மென்பொருளின் விலையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வது போதாது என்பது விளங்கும். பொதுத் தரத்தில் எழுதுகிறோமா என்று பார்க்க வேண்டும்.

பிறர் கண்ட அனுபவம்

கேரளத்தின் அரசுப் பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி நடத்துகின்றன. ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், ஏறத்தாழ 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றுவதென 2024 இல் அறிவித்தது. அதே நாட்டின் மியூனிக் மாநகரமோ, பல்லாண்டு உழைத்துக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபின், 2017 இல் வணிக மென்பொருளுக்கே திரும்புவதெனத் தீர்மானித்தது. இதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் இவ்வழி புதிதன்று. 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கையர் ஆக்கிய சஹானா என்னும் அனர்த்த நிவாரண மென்பொருள், கட்டற்ற மென்பொருளாகவே உலகெங்கும் சென்றது.

மாறுவதில் இடர் இல்லையா? உண்டு. எக்செலில் எழுதிய சிக்கலான கட்டளைத் தொகுப்புகள் லிப்ரே ஒபிஸில் அப்படியே ஓடமாட்டா. வேர்டில் அமைத்த பக்கம் சிலவேளை நிலைகுலையும். வேலைவாய்ப்பு விளம்பரங்கள் மைக்ரோசொப்ட் பெயரையே கேட்கின்றன. பிள்ளைகளின் பிழைப்பைப் பணயம் வைத்துக் கொள்கை பேசும்படி நான் சொல்லவில்லை. எக்செலைப் பழகட்டும், லிப்ரே ஒபிஸையும் பழகட்டும். கூட்டலும் கழித்தலும் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே நான் வேண்டுவது சிலவே. சங்கங்களும் பாடசாலைகளும் இனி யூனிகோட் தமிழிலேயே எழுதட்டும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றி வைக்கட்டும். பாதுகாக்க வேண்டிய கணக்கும் பதிவும் திறந்த வடிவத்தில் ஒரு பிரதியாயினும் இருக்கட்டும். புதிய கணினி வாங்கும்பொழுது திருட்டுப் பிரதியை மறுத்து, லிப்ரே ஒபிஸை ஏற்றச் சொல்லுங்கள். தலைமைக் காரியாலயத்தோடு எக்செல் கோப்புகளைப் பரிமாற வேண்டிய இடத்தில், ஒரு கணினிக்கு முறையாக உரிமம் வாங்குங்கள். பத்துக் கணினிக்கும் வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு மேலும் ஒன்று. லிப்ரே ஒபிஸின் தமிழ் முகப்பு தன்னார்வலர் மொழிபெயர்த்தது. அதில் ஒரு சொல் பிழையென்று கண்டால், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் திருத்தத்தை முன்மொழியலாம். இந்த மலையில் பிறந்த ஒரு மாணவி திருத்திய சொல், தமிழர் வாழும் நாடெங்கும் கணினித் திரையில் தோன்றலாம். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் அந்த உரிமை நமக்கு இல்லை. அந்த உரிமையைப் பயன்படுத்த இன்றே முன்வாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.