துடுப்பில்லா ஓடம்



ஓடம் என்றவுடன் துடுப்போ, பாயோ, ஊன்றுகோலோ நம் மனக்கண் முன் வந்து நிற்கும். இக்காலத்து ஓடமாயின் எந்திரத்தின் இரைச்சலும் கேட்கும். இவற்றுள் ஒன்றும் இல்லாமல், ஒரு பெருநகரின் நடுவே, விரைந்தோடும் ஆற்றின் குறுக்கே 170 ஆண்டுகளுக்கு மேலாக மக்களை அக்கரை சேர்த்துவரும் ஓடங்கள் ஸ்விட்ஸர்லாந்தில் உள்ளன. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பிரான்சும் ஜெர்மனியும் ஸ்விட்ஸர்லாந்தும் சந்திக்கும் மூலையில் அமைந்தது பாசல் நகரம். ரைன் நதி அங்கேதான் வடக்கு நோக்கித் திரும்புகிறது. இடக்கரை மேட்டில் பெரிய பாசலும், வலக்கரைத் தாழ்வில் சிறிய பாசலும் உள்ளன. 1226-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பெற்ற ஒரே பாலம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இவ்விரண்டையும் இணைத்துவந்தது.

அந்நகரத்துக் கலைஞர் கழகத்தார் தமக்கென ஒரு கலைக்கூடம் வேண்டும் என்று விரும்பினர். அதற்குப் பொருள் இல்லை. 1854-இல் அவர்கள் ஆற்றில் ஓர் ஓடம் விட்டனர். அக்கரை செல்வோர் கொடுத்த சில்லறைக் காசுகள் நாளடைவில் திரண்டன. 1872-இல் கலைக்கூடம் திறக்கப்பெற்றது. ஓவியத்தைப் பற்றி ஒருநாளும் எண்ணியிராத உழைப்பாளிகளும் ஓவியங்களுக்கு வீடு கட்ட உதவினார்கள் என்பது எத்துணை இனிய செய்தி!

இனி, அவ்வோடம் எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். ஆற்றின் மேலே, கரைக்குக் கரை, உயரத்தில் ஒரு கம்பிவடம் கட்டப்பட்டிருக்கிறது. அவ்வடத்தின்மீது ஒரு கப்பி உருள்கிறது. கப்பியிலிருந்து இறங்கும் கயிறு ஓடத்தைப் பிணைத்திருக்கிறது. புறப்படும் வேளையில் ஓடக்காரர் ஒரு நெம்புகோலைத் தள்ளிக் கயிற்றின் பிடியை ஓடத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றுகிறார், சுக்கானையும் திருப்புகிறார். ஓடம் நீரோட்டத்திற்குச் சாய்வாக நிற்கிறது. சாய்ந்த பக்கத்தில் வந்து மோதும் நீர் அதனை ஆற்றோடு இழுத்துச் செல்ல முயல்கிறது, கயிறு விடுவதில்லை. எஞ்சிய விசை ஓடத்தைக் குறுக்கே தள்ளுகிறது. கப்பி உருள, ஓடம் அக்கரை சேர்கிறது.

நீங்கள் பறக்கவிடும் பட்டத்தை எண்ணிப் பாருங்கள். நூல் பிடித்திருக்கும்வரையில் எதிர்க்காற்றே அதனை உயர்த்துகிறது. நூல் அறுந்தால் பட்டம் தரையில் வீழும். ஓடத்தின் நிலையும் இதுவே. கயிறு அற்றால் அது வெள்ளத்தின் வழியே போய்விடும். அதனை ஓரிடத்தில் பிணைக்கும் கட்டே அதற்கு ஓட்டத்தையும் தருகிறது.

பாயும் பொருள்களின் இயல்பை ஆராய்ந்து 1738-இல் 'ஹைட்ரோடைனமிக்கா' என்னும் நூலை வெளியிட்ட டானியல் பெர்னூலி இந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். கணித மேதை ஆய்லர் 1707-இல் பிறந்ததும் இந்நகரிலேயே. பௌதிகம் பயிலும் மாணவருக்கு, பாடநூலில் கண்ட விசைப்பிரிப்பு கண்ணெதிரே நீரில் நடப்பதைக் காட்ட இதனினும் நல்ல இடம் அரிது.

பெரிய கோயில் எனப்படும் செந்நிறக் கற்கோயிலின் பின்புற மேடையிலிருந்து படிகளில் இறங்கினால் துறையை அடையலாம். பக்கவாட்டிலுள்ள மரப் பலகைகளில் அமர்ந்தால் சில நிமிடங்களில் மறுகரை வந்துவிடும். எந்திர ஓசை இல்லாமையால், ஓடத்தின் அடியில் நீர் சலசலப்பது மட்டுமே கேட்கும். நீர் பெருகி விரைந்தால் ஓடமும் விரையும். நீர் குறைந்தால் தயங்கும். வெள்ளம் மிகுந்தால் நின்றுவிடும். ஓடக்காரருக்குக் காலத்தை விதிப்பது ஆறே.

இன்று அங்கே நான்கு ஓடங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றின் பெயர்கள் காட்டு மனிதன், சிங்கம், கழுகுமுகச் சிங்கம் என்று பொருள்படும். சிறிய பாசல் மக்கள் சனவரியில் கொண்டாடும் விழாவில் ஆடிவரும் வேடங்கள் இவை. நான்காவதன் பெயர் அவ்விழாவின் கோமாளியுடையது.

1879-இலும் 1882-இலும் புதிய பாலங்கள் எழுந்தன. பின்னரும் சில எழுந்தன. இப்போது நகருக்குள் ஐந்து சாலைப் பாலங்கள் நிற்கின்றன. அவற்றின் நான்கு இடைவெளிகளிலும் ஒவ்வோர் ஓடம் ஊர்கிறது. பாலம் இருக்க ஓடம் எதற்கு என்று கேட்பது நியாயமே. கணக்குப் பார்ப்பவர் அவற்றை என்றோ நிறுத்தியிருப்பர். நகர மக்கள் நிறுத்தவில்லை. ஓர் அறக்கட்டளை ஓடங்களைப் பேணுகிறது. குத்தகைக்கு எடுத்த ஓடக்காரர்கள் நடத்துகிறார்கள். அன்பர்கள் சங்கம் அமைத்துக் கைகொடுக்கிறார்கள். நம்பத் தகாததை ஒருவர் சொன்னால், "அதை ஓடக்காரரிடம் போய்ச் சொல்" என்பது அவ்வூரார் வழக்கு. பேச்சிலும் ஓடம் கலந்துவிட்டது!

முன்னோர் தந்த பொருள் ஒன்று இன்றியமையாததாக இருக்கும்வரையில் அதனைப் பேணுவது பெரிதன்று. தேவையே அதனைப் பேணிவிடும். தேவை நீங்கிய பின்னரே, அது வாழ்வதும் மறைவதும் நம் விருப்பத்தைப் பொறுத்ததாகிறது. உங்கள் ஊரிலும் அத்தகைய பழந்துறையோ, படித்துறையோ, தோணியோ இருக்கக்கூடும். அது எவ்வாறு இயங்கியது, யார் உழைப்பால் நின்றது என்று முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். காப்பாற்றும் வேலை அங்கே தொடங்குகிறது.