அழிப்பதற்கு முன் அசலை எடுத்து வையுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பல ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்திய மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செல்போனில் எடுத்த படத்தில் வேண்டாததை ஏ.ஐ. வைத்து அழிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும்படி செயலாளர் கேட்டார். சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கு மனசு ஆறாது.

போன வருஷம் நம் இதழின் முகப்புக்கு ஒரு படம் எடுத்தேன். காலை வெயில், தூரத்தில் மேற்கு மலை, முன்னால் கண்மாய்க்குத் தண்ணீர் போகும் ஓடை, கரையில் தென்னை. படம் நன்றாகத்தான் வந்திருந்தது. ஓடைக்குள் கிடந்த குப்பை மூட்டைகளும் ஒரு உடைந்த சிமெண்ட் குழாயும்தான் கண்ணை உறுத்தின. விரலால் அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். சில விநாடிகளில் ஓடை சுத்தமாகிவிட்டது. நம் ஊரா இது என்று நீங்களெல்லாம் குழுவில் பாராட்டினீர்கள்.

அடுத்து மழை வந்தது. ஓடை அடைத்து, தண்ணீர் எதிர்த்துத் தெருவுக்குள் ஏறியது. மனு எழுதினோம். மழைக்கு முன்பே அடைப்பு இருந்தது என்று காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. தேடினால், நம்மிடம் இருந்தது நான் சுத்தம் செய்த அந்தப் படம் ஒன்றுதான். போனில் இடம் இல்லையென்று அசலை அன்றைக்கே அழித்திருந்தேன். அந்தப் படத்தை மனுவோடு வைத்தால், ஓடை சுத்தமாகத்தான் இருந்தது என்று நாமே சாட்சி சொன்ன கதையாகிவிடும். படம் இல்லாமலே மனுவைக் கொடுத்தோம்.

படத்தைத் திருத்துவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நான் சோறு தின்றதே அந்தத் தொழிலில்தான். அந்தக் காலத்தில் இதற்கு டச்சிங் என்று பெயர். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். முகத்தில் உள்ள பரு நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் பட்டால் அச்சில் பரு மறைந்துவிடும். பின்னால் இருப்பது வேண்டாம் என்றால் சிவப்பு மை பூசுவோம். அந்த இடம் அச்சில் வெள்ளையாக வரும். ஒரு படத்துக்கு ஒரு பொழுது போய்விடும். கல்யாணத்துக்குப் படம் அனுப்புகிறவர்கள் பருவை எடுக்கச் சொல்வார்கள், எடுத்துக் கொடுப்போம். மச்சத்தை மட்டும் எடுக்க மாட்டோம். பரு ஒரு வாரத்தில் போய்விடும், மச்சம் போகாது அல்லவா!

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2010-ல் வந்த போட்டோஷாப்பில், ஒரு பொருளை எடுத்தால் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அதுவே இடத்தை நிரப்பும் வசதி வந்தது. 2021-ல் கூகுள் தன் பிக்சல் போனில் மேஜிக் இரேசரைக் கொண்டுவந்தது. 2024-ல் அதை கூகுள் போட்டோஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். அதே வருஷம் ஐபோனிலும் கிளீன் அப் வந்தது. நாங்கள் ஒரு பொழுது உட்கார்ந்து செய்ததை இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீ ஆறுவதற்குள் செய்துவிடுகிறது.

இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். திரையை விலக்கினால் பின்னால் இருப்பது தெரியும். இந்தக் கருவி அப்படித் திரையை விலக்குவதில்லை. நீங்கள் ஒரு ஆளை அழித்தால், அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது கேமராவுக்கே தெரியாது. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய கணக்கை வைத்து, அங்கே இப்படி ஒரு சுவர் இருக்கலாம், இப்படி ஒரு புல் இருக்கலாம் என்று அது வரைந்து வைக்கிறது. என் ஓடையில் குப்பைக்குப் பதிலாகத் தெரிந்த அந்தத் தெளிந்த தண்ணீர், எந்தக் கண்மாயிலும் ஓடாத தண்ணீர்.

2015 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை வெள்ளத்தைப் பிரதமர் ஹெலிகாப்டரில் இருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அந்தப் படத்தை வெளியிட்டது. சன்னலுக்கு வெளியே காட்சி மங்கலாக இருந்தது என்று, வேறு ஒரு தெளிவான வெள்ளக் காட்சியை அந்தச் சன்னலுக்குள் ஒட்டிய படமும் வெளியானது. சமூக ஊடகத்தில் கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள். படத்தை நீக்கி விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. வெள்ளம் உண்மை, பிரதமர் பார்த்ததும் உண்மை. ஆனால் கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று செய்த வேலையால், பேச்செல்லாம் வெள்ளத்தை விட்டுவிட்டு சன்னலுக்குப் போய்விட்டது.

அதற்கு முன், 2010-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு படத்தைத் தகுதி நீக்கம் செய்தார்கள். பின்னணியில் நின்ற ஒருவரின் கால் நுனி கொஞ்சம் தெரிந்தது, அதை அழித்திருந்தார். அவ்வளவுதான். ஒரு கால் நுனிக்கா என்று கேட்கலாம். செய்திப் படம் என்றால் கால் நுனியும் கணக்குத்தான்.

இது சாட்சிக்கான படத்தைப் பற்றியது. நம் வீட்டுப் படத்துக்கு இந்தச் சட்டமெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள். அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஸ்டுடியோ வைத்திருந்தபோது ஒரு நாள் ஒரு அக்கா வந்தார். அவருடைய அம்மா இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மாலை போட்டு மாட்ட ஒரு படம் இல்லை. வாழ்நாளில் அந்த அம்மா ஸ்டுடியோ படியேறியதே இல்லை. “அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால நம்ம தெருக் கல்யாணத்துல நீங்கதானே அண்ணாச்சி படம் எடுத்தீங்க, அதுல எங்கயாவது நிக்குதான்னு பாருங்க” என்றார். பழைய நெகட்டிவ் கட்டுகளை எல்லாம் பிரித்தோம். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், பந்தல் கால் ஓரமாக, கையில் வாளியோடு ஒரு அம்மா. பந்தி பரிமாறப் போகிறவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கிறார். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, வாளியை மறைத்து, பின்னால் வெள்ளையாக்கி அச்சுப் போட்டேன். அந்த அக்கா படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்கு அந்த அம்மா வேண்டாத ஆள். படத்தை எடுத்த எனக்கும் அப்படித்தான். இன்றைக்கு அதே படத்தைப் போனில் எடுத்திருந்தால், முதல் வேலையாக அவரைத்தான் வட்டம் போட்டு அழித்திருப்போம். போனும் பின்னால் நிற்கும் ஆட்களைத் தானே காட்டி, அழிக்கவா என்று கேட்கும். நெகட்டிவ் கெடாமல் இருந்ததால் அன்றைக்கு ஒரு மகளுக்கு அம்மா முகம் கிடைத்தது. எது வேண்டாதது என்று எடுக்கிற அன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடுவதில்லை.

சரி, செயலாளர் கேட்டதற்கு வருகிறேன்.

முதலில், எடுக்கும்போதே இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். கரண்ட் கம்பி, குப்பைத் தொட்டி, பைக் எல்லாம் பாதிக்குமேல் அதிலேயே போய்விடும். ஓரத்தில் இருப்பதை வெட்டினாலே போதும்.

இரண்டாவது, அழிப்பதென்றால் ஒரே பெரிய வட்டமாகப் போடாதீர்கள். படத்தைப் பெரிதாக்கி, சின்னச் சின்னதாக அழியுங்கள். ஆளை எடுத்தால் அவர் நிழலையும் எடுக்க வேண்டும். வானம், வெள்ளைச் சுவர், மணல் பின்னால் இருந்தால் நன்றாக வரும். கோலம், சேலைக் கரை, கடைப் பலகை எழுத்து, விரல்கள் பக்கத்தில் இருந்தால் கோணலாகும்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். அசலை அழிக்காதீர்கள். கூகுள் போட்டோஸில் திருத்தியதைப் பிரதியாகச் சேமிக்கலாம். ஐபோனில் எப்போது வேண்டுமானாலும் பழையபடி அசலுக்குத் திரும்பலாம். ஆனால் திருத்தியதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிட்டால் திரும்ப வழியே இல்லை.

நான்காவது, புகார் மனு, விபத்து, பயிர்ச்சேதம், எல்லைத் தகராறு, இன்சூரன்ஸ், இந்தப் படங்களில் கையே வைக்காதீர்கள். வெளிச்சம் கூட்டக்கூட வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது கொடுக்கும் சான்றிதழில் ஹாஷ் எண் என்று ஒன்று குறிக்க வேண்டும். அது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

கடைசியாக, சங்கத்துக்கு இரண்டு கோரிக்கை. நம் இதழில் திருத்திய படம் போட்டால், கீழே “திருத்தப்பட்ட படம்” என்று ஒரு வரி போடுவோம். முதல் வரியை என் ஓடைப் படத்துக்கே போடுங்கள். இரண்டாவது, நம் தெருக்கள், ஓடைகள், கண்மாய்க்கரை எல்லாவற்றையும் வருஷத்துக்கு இரண்டு தரம், மழைக்கு முன்னும் பின்னும், உள்ளது உள்ளபடி படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைப்போம். இளையவர்கள் இரண்டு பேர் என்னோடு வந்தால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓடைக்கரையில் இருப்பேன். குப்பை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. முதலில் படம் எடுப்போம், பிறகு மண்வெட்டியை எடுப்போம்.